வாசிக்காத மன்றாட்டு

எங்கள் கோயிலில் ஞாயிறு திருப்பலிக்கு மன்றாட்டு வாசிப்பவன் நான். பன்னிரண்டு வருடமாக இந்த வேலை. திருச்சபைக்காக ஒன்று, நாட்டை ஆள்பவர்களுக்காக ஒன்று, நோயாளிகளுக்காக ஒன்று, இறந்தவர்களுக்காக ஒன்று. ஒவ்வொன்றையும் வாசித்து நான் நிறுத்தியதும் ஜனங்கள் எல்லாரும் சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள். ஐந்தாவது மன்றாட்டை வாசிப்பவரே எழுதிக்கொள்ளலாம் என்பது எங்கள் பங்குக் கோயிலின் வழக்கம். ஐந்தாவது வரும்போது எனக்குக் கொஞ்சம் நெஞ்சு நிமிரும்.

எங்கள் ஜனங்களைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர்கள் வார்த்தைக்குப் பதில் சொல்கிறவர்கள் இல்லை, நிறுத்தத்துக்குப் பதில் சொல்கிறவர்கள். ஒருமுறை நோயாளிகளுக்கான மன்றாட்டை ஆரம்பிக்கும்போதே எனக்கு இருமல் வந்துவிட்டது. இருமி முடித்து மூச்சு வாங்கினேன். உடனே கோயில் அதிரும்படி "கேட்டருளும்" என்றார்கள். என் இருமல் நேராகப் பரலோகம் போய்ச் சேர்ந்தது. பீடத்தில் நின்ற பங்குச் சாமியார் தலையைக் குனிந்துகொண்டார், ஆனால் தோள் குலுங்கியதைப் பார்த்துவிட்டேன்.

என் ஐந்தாவது மன்றாட்டு வெகு காலமாக ஒன்றுதான். "கருவில் வளரும் குழந்தைகளைக் கொல்லத் துணியும் கல்நெஞ்சர்கள் மனம் திருந்த வேண்டுமென்று ஆண்டவரே உம்மை மன்றாடுகிறோம்." கல்நெஞ்சர்கள் என்ற இடத்தில் குரலை ஒரு பிடி ஏற்றுவேன். திருப்பலி முடிந்து வெளியே வந்தால் யாராவது கையைப் பிடித்து, "நல்லா உறைக்கிற மாதிரி சொன்னீங்க" என்பார்கள். எனக்கு மனசு குளிர்ந்துபோகும்.

பிழைப்புக்குத் தராசு பழுது பார்க்கிறேன். காய்கறிக் கடை, தபால் அலுவலகம், நகைக்கடை, ஆஸ்பத்திரிப் பிரசவ வார்டு என்று எடை பார்க்கிற இடமெல்லாம் என் கால் படும். என் பெட்டியில், தராசு சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை எடைக்கற்கள் இருக்கும். பெரியவற்றைத் துணி வைத்துத் தூக்குவேன். சின்னவை வெல்வெட் குழிகளில் படுத்திருக்கும். அவற்றில் ஒரு கிராம் கல்லை வெறும் விரலால் தொடவே மாட்டேன், இடுக்கியால்தான் எடுப்பேன். விரல் ஈரம் ஒட்டினால்கூட கணக்கு மாறிவிடும். "அந்தக் கல்லுக்குக் கிடைக்கிற மரியாதை இந்த வீட்டுல யாருக்குக் கிடைக்குது?" என்பாள் மனைவி.

அவள் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கல்லூரியில், இளையவன் பள்ளியின் கடைசி வருடத்தில். எனக்கு நாற்பத்தொன்பது, அவளுக்கு நாற்பத்திரண்டு. வளர்த்து முடித்தாயிற்று, இனி கொஞ்சம் காலை நீட்டலாம் என்றிருந்த நேரம் அது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், கொடியிலிருந்து எடுத்த துணிகளைக் கட்டிலில் போட்டு மடித்துக்கொண்டிருந்தவள், என் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

"என்னங்க, நாள் தள்ளிப்போயிருக்கு. இன்னிக்குக் கடையிலயே டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன். ரெண்டு கோடு."

பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தேன். இந்த வயதிலா? பிள்ளை பள்ளி முடிக்கும்போது எனக்கு அறுபத்தேழு. கல்லூரிக்குப் போகிற மகள் முகத்தில் எப்படி விழிப்பது? பக்கத்து வீட்டுக்காரன் ஒரு வருடத்துக்குச் சிரிப்பான். இளையவன் பிறந்தபோது அவளுக்கு ரத்த அழுத்தம் ஏறி இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தது கடைசியில்தான் ஞாபகம் வந்தது. அதுவே முதலில் வந்திருந்தால் என்னைப் பற்றிக் கொஞ்சம் நல்லவிதமாக நினைத்துக்கொள்ளலாம்.

"உங்க கடையிலதான் அதுக்கு மாத்திரை இருக்குமே?" என்றேன்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. அவள் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அடுத்ததை எடுத்தாள். "இருக்கு" என்றாள். 

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் டாக்டரம்மாவிடம் போனோம். அழுத்தம் இப்போதே கொஞ்சம் அதிகம்தான், ஆனால் மருந்தும் கவனிப்பும் இருந்தால் சமாளிக்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். என் தொழில் புத்தி சும்மா இருக்குமா?

"இப்போ எவ்வளவு எடை இருக்கும் டாக்டர்?"

அவர் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "இந்தக் கேள்வியை இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லை. எட்டு வாரம். ஒரு கிராம் இருக்கும்."

மறுநாள் நகைக்கடையில் வேலை. தட்டைத் துடைத்து, காலித் தட்டு பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்து, இடுக்கியால் அந்த ஒரு கிராம் கல்லை எடுத்தேன். எடுத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். தட்டில் வைத்ததும் எண் துல்லியமாக ஒன்று என்றது. இத்தனை வருடம் என் விரல் ஈரம்கூடப் படாமல் காத்த எடை இதுதான். என் வீட்டில் இதே எடைக்கு ஒரு உயிர் இருக்கிறது, அதை மாத்திரை போட்டுக் கரைக்கச் சொல்லியிருக்கிறேன். கடைக்காரர் "என்ன, பழுதா?" என்றார். "தராசுல இல்ல" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டிக்குள் தலையை விட்டு எதையோ தேடுவதுபோல நடித்தேன்.

வீட்டுக்குப் போனதும் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும்.  ஆனால் சொல்ல வெட்கம், கேட்டால் என்ன பதில் வருமோ என்று பயம். அவள் ஏற்கெனவே மாத்திரையைப் போட்டிருந்தால்?

ஞாயிறு வந்தது. நான்கு மன்றாட்டையும் வாசித்தேன். ஐந்தாவதுக்கு வந்து, "கருவில் வளரும்" என்று ஆரம்பித்து, அடுத்த வார்த்தைக்கு வாய் திறந்தேன். வரவில்லை. கல்நெஞ்சர்கள் என்ற சொல் தாளிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. ஊருக்கு உபதேசம் செய்தவன் மைக் முன்னால் மரம் மாதிரி நின்றேன்.

ஜனங்களுக்கு என்ன, நிறுத்தினால் போதும். "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று மொத்தக் கோயிலும் சொன்னது. நான் கேட்காத எதையோ எனக்காகக் கேட்டது. எல்லாரும் முடித்த பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் மட்டும் தனியாகப் பின்தங்கி வந்தது. "கேட்டருளும்." அது என் மனைவியின் குரல்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். பாதி வழியில், பூட்டியிருந்த தையல் கடை வாசலில் அவள் நின்றாள்.

"ஒண்ணு சொல்லணும். அந்த மாத்திரை செவ்வாய்க்கிழமையே என் பையில இருந்துச்சு."

"நான் சொன்னதுக்கு அப்புறமா?"

"நீங்க சொல்றதுக்கு முன்னாடியே. கோடு தெரிஞ்ச உடனே எடுத்து வெச்சுட்டேன். போன தடவை கெடந்த மாதிரி கெடந்தா பிள்ளைங்க என்னாகும்னு பயம். இப்பவும் பையிலதான் இருக்கு. ஜெபப் புத்தகத்துக்குப் பக்கத்துல."

"அப்புறம் ஏன் என்கிட்ட சொன்னே?"

அவள் கண் கலங்கிவிட்டது. "நீங்க வேணாம்னு சொல்வீங்கன்னு நம்பித்தான். வருஷம் முழுக்க மைக்ல கத்துற மனுஷன், வீட்டுல ஒரு தடவை எனக்காக மெதுவாச் சொல்ல மாட்டாரான்னு."

எந்தச் சாமியாரும் மறையுரையில் என்னை அப்படி அடித்ததில்லை. நடுத்தெரு என்றும் பார்க்காமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்போ சொல்றேன். வேணாம்மா. எனக்கும் பயமாத்தான் இருக்கு. உன்னை நெனச்சா இன்னும் பயம். ஆனா வேணாம். டாக்டர் கூப்பிடுற ஒவ்வொரு நாளும் நான் கூட வரேன்."

"பக்கத்து வீட்டுக்காரர் சிரிப்பாரே?"

"சிரிச்சா பல்லை எடை போட்டுச் சொல்லிடலாம்."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள். "நாளைக்கு முதல் வேலையா மாத்திரையைத் திருப்பி வெச்சுடறேன்."

அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், திரைக்கு அந்தப் பக்கம் இருந்த சாமியாரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "மாத்திரை போடச் சொல்லி எத்தனை தடவை சொன்னீங்க?" என்றார். "ஒரே தடவைதான் ஃபாதர். ஆனா முழு மனசோட." 

என் விசுவாசம் மாறவில்லை. கருவில் இருப்பது கடவுள் தந்த உயிர், அதை அழிப்பது கொலை என்றுதான் இன்றும் நம்புகிறேன். மாறியது ஒன்றுதான். அப்படிச் செய்கிறவர்களை எங்கோ இருக்கிற வேறு ஜாதி மனிதர்கள் என்று நினைத்திருந்தேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். மாத்திரை என்ற அந்த வார்த்தை என் வாயிலிருந்து எவ்வளவு லேசாக வந்தது! கல் நெஞ்சு எதுவும் தேவைப்படவில்லை, சாதாரணப் பயமே போதுமானதாக இருந்தது. கல்நெஞ்சர்கள் என்று மைக்கில் கத்துகிறவனிடம் சொல்லப் பயந்து, அன்றைக்கு அவள் என்னிடம் சொல்லாமலே போட்டிருந்தால், அதில் பாதிப் பாவத்தை என் மன்றாட்டுதான் சுமந்திருக்கும்.

பிள்ளைகளிடம் சொன்னபோது மூத்தவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். மூன்றாம் நாள் பெயர்ப் பட்டியலோடு வந்தாள். மாதங்கள் மாத்திரையும் ஓய்வுமாகப் போயின, இது வேறு மாத்திரை. பக்கத்து வீட்டுக்காரன் சிரிக்கத்தான் செய்தான். கூடவே டாக்டரிடம் போக நாலைந்து தடவை வண்டியும் கொடுத்தான்.

பெண் குழந்தை. பிரசவ வார்டில் நான் பழுது பார்த்திருந்த தராசில்தான் நர்ஸம்மா படுக்க வைத்தார். இரண்டு கிலோ எழுநூற்று நாற்பது.

"சிஸ்டர், எடுத்துட்டு இன்னொரு தடவை வைங்க. முதல் எடையை நம்பக் கூடாது."

இரண்டாவது தடவையும் அதேதான். "மூணாவது..." என்று இழுத்தேன்.

"யோவ், பிள்ளைக்குக் குளிருதுய்யா" என்று என்னை வெளியே துரத்தினார். கட்டிலில் கிடந்தபடியே என் மனைவி சிரித்தாள். கண் திறந்து, நல்ல நினைவோடு. எனக்கு அது போதும்.

ஞானஸ்நானம் ஞாயிறு திருப்பலியிலேயே நடந்தது. ஐந்தாவது மன்றாட்டைப் புதிதாக எழுதி வைத்திருந்தேன். பிள்ளை உண்டாகிப் பயந்து நிற்கிற ஒவ்வொரு பெண்ணுக்கும் பக்கத்தில் நின்று மெதுவாகப் பேச ஒரு ஆள் வேண்டும் என்று. ஒரு வாரம் உட்கார்ந்து, அடித்து அடித்து எழுதியது. நான்கையும் வாசித்து முடித்துத் தாளைப் பிரித்தேன். தொண்டையைச் செருமிக்கொள்ள ஒரு கணம் நிறுத்தினேன்.

அந்த ஒரு கணத்தில், முதல் வரிசையில் அம்மா மடியிலிருந்த என் மகள் வீல் என்று கத்தினாள். கோயில் முழுக்க எதிரொலித்தது. கத்தி முடித்து மூச்சு வாங்கினாள்.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள் ஜனங்கள்.

இந்த முறை என் மனைவியின் குரல் பின்தங்கவில்லை. நான் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினேன்.