ஊர்வலத்தின் முன்னால் போன கார்

லோரீன் வோசிக்கா அன்று ஆல்டர் ஃபோர்க்கில் இறங்கியதற்குக் காரணம் காபிதான். காலையில் வீட்டில் இரண்டு கோப்பை, புறப்படும் முன் இன்னொன்று. அவளுடைய செஸ்னா இரண்டே பேர் உட்காரும் குட்டி விமானம். அதில் கழிப்பறைக்கெல்லாம் இடமில்லை. தோழி ஆர்டித்தின் ஊருக்கு அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலச் சோளக்காடுகளுக்கு மேல் மேற்கே இன்னும் ஒன்றரை மணி நேரம் பறக்க வேண்டும். அத்தனை நேரம் தாங்காது என்று உடம்பு தெளிவாகச் சொல்லிவிட்டது.

அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. இருபத்தேழு வருஷமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். விமானம் ஓட்டும் உரிமம் கைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பெரிய விமான நிலையம் என்றால் அவளுக்கு இன்னும் பயம்தான். கோபுரத்தில் உட்கார்ந்து யாரோ மூச்சுவிடாமல் கட்டளை போடுவார்கள். இறங்கினால் ஜெட் விமானங்களுக்கு நடுவே கோழிக்குஞ்சு மாதிரி நிற்க வேண்டும். வாசலைத் தாண்ட இரண்டு பேரிடம் அனுமதி கேட்க வேண்டும். அதற்குள் காரியம் கெட்டுவிடும். அதனால்தான் வரைபடத்தில் மெல்லிய கோடாகத் தெரிந்த இந்தச் சின்ன ஓடுதளத்தைத் தேடிப் பிடித்தாள்.

இறங்கியபோது ஒரு ஆள் இல்லை. காற்றுத் திசை காட்டும் ஆரஞ்சு நிறத் துணிப்பை, ஒரு பெட்ரோல் பம்பு, பெரிய தகரக் கொட்டகை, அதன் பக்கத்தில் ஒரு சின்ன வீடு. அவ்வளவுதான். விமானத்தைத் தரையிலிருந்த வளையங்களில் கயிறு போட்டுக் கட்டிவிட்டு ஓட்டமும் நடையுமாக அந்த வீட்டுக்குப் போனாள். கதவில் எண் பூட்டு. அவளுக்கு உயிரே போய்விட்டது. பூட்டுக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டியிருந்தது: “ஆபத்து நேரத்தில் ரேடியோவில் எந்த எண்ணில் கூப்பிடுவீர்கள்? அதை அழுத்தவும்.”

விமானம் ஓட்டக் கற்ற எவருக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரிந்த எண் அது. “இதுவும் ஆபத்து நேரம்தான்!” என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு நான்கு இலக்கங்களையும் அழுத்தினாள். கதவு திறந்தது.

கழிப்பறை பளிச்சென்று இருந்தது. புது சோப்பு, மடித்து வைத்த துண்டு. கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் ரோஜாகூட இருந்தது. வெளியே வந்தபோது அவளுக்கு உலகமே அழகாகத் தெரிந்தது. அப்புறம்தான் முன்னறையைச் சரியாகப் பார்த்தாள். குழி விழுந்த சோபா, டப்பா நிறைய ஓட்ஸ் பிஸ்கட், புதிதாகப் போட்ட காபி. காபியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சுவரில் ஒரு ஆணியில் கார் சாவி தொங்கியது. கீழே இன்னொரு காகிதம்: “பசித்தால் நெல்லி அம்மாள் நடத்தும் சாப்பாட்டுக் கடை, ஊரின் மேற்குக் கோடியில். கார் வெளியே நிற்கிறது. கதவை ஓங்கிச் சாத்தவும். டெல்மர் குபிக்.”

பெயர் எழுதச் சொல்லவில்லை, உரிமத்தைக் காட்டச் சொல்லவில்லை. முன்பின் பார்த்திராத ஒருத்தி வானத்திலிருந்து வந்து இறங்குகிறாள்; இந்தா சாவி என்கிறார் ஒரு மனிதர். அந்த டெல்மர் யாராக இருந்தாலும் அவரை அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

கார் ஒரு காலத்தில் போலீஸ் காராக இருந்திருக்கிறது. கதவில் நட்சத்திரத்தைச் சுரண்டி எடுத்த தடம் நட்சத்திரமாகவே தெரிந்தது. கூரையில் விளக்குச் சட்டம் அப்படியே இருந்தது. கிளம்பும் முன் கைபேசியில் வானிலை பார்த்தாள். தூரத்தில் ஒரு இடிமழை, வடக்கே ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தது. நமக்கென்ன என்று வண்டியை எடுத்தாள்.

ஊரின் ஒரே பெரிய தெருவில் ஒரு வண்டி இல்லை. ஆனால் இரு பக்கமும் மடக்கு நாற்காலி போட்டு ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்துக் கையாட்டினார்கள். எவ்வளவு பாசக்கார ஊர் என்று நினைத்துக்கொண்டு அவளும் ஆட்டினாள். மேற்குக் கோடியில் கழுத்தில் விசிலும் கையில் அட்டையுமாக ஒரு அம்மாள் தெருவை மறித்து நின்றாள்.

“ஏம்மா, இவ்வளவு லேட்டாவா வர்றது? தொண்டத் தண்ணி வத்திப் போச்சு எனக்கு!”

“என்னையா சொல்றீங்க?”

“பின்ன யார? துணை ஷெரிஃப் ராய்தான் ஊர்வலத்துக்கு முன்னால வண்டி ஓட்டணும். ஹைவேல லாரி கவுந்து மாடெல்லாம் ரோட்டுல ஓடுதாம், புடிக்கப் போயிட்டான். வேற ஆள அனுப்புறேன்னான். நீதானே அது?”

“இல்லீங்க, நான் சாப்பிட வந்தேன்.”

“சாப்பாடெல்லாம் ஊர்வலம் முடிஞ்சுதான். முன்னால போய் நில்லு. ஆள் நடக்குற வேகம். விட்டுட்டு ஓடிறாத!”

லோரீனுக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். பேருந்தில் அவளே தினமும் இரண்டு வேளை பயன்படுத்தும் குரல். அதற்கு எதிர்ப்பேச்சு கிடையாது. போய் நின்றாள்.

அந்த அம்மாள் பெயர் இர்மா ஷ்லூட்டர் என்றும், முப்பது வருஷமாக, ஜூலையில் நடக்கும் ஊர்த் திருவிழா ஊர்வலத்தை அவள்தான் கட்டி மேய்க்கிறாள் என்றும் பிறகுதான் தெரிந்தது. விசில் ஒலித்தது. லோரீன் எதையோ தட்டியதில் கூரையில் மஞ்சள் விளக்கு ஒன்று சுழலத் தொடங்கியது. தெரு முழுக்கக் கைதட்டல். அவளுக்குப் பின்னால் திறந்த காரில் அந்த வருஷத்துச் சோள அழகியாக ஊர் தேர்ந்தெடுத்த பெண், அப்புறம் பின்னால் வண்டி கட்டிய மூன்று டிராக்டர், பள்ளிக்கூடத்துப் பேண்டு, ஒட்டகத்தின் தம்பி போல, உடம்பெல்லாம் கம்பளி ரோமத்தோடு மிடுக்காக நடந்த லாமா என்ற ஒரு பிராணி, கடைசியில் தீயணைப்பு வண்டி.

“ஏய், இது டெல்மர் காராச்சே! உள்ள யாருடி அது?” என்று ஓரத்தில் ஒருத்தி கேட்டாள்.

“தெரியல. ஆனா அவன விட நல்லா ஓட்டுறா.”

முதல் டிராக்டரிலிருந்து ஒல்லியாக, தோள்வார் போட்ட ஒருவர் குதித்து, பக்கத்திலிருந்தவரிடம் சக்கரத்தைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தார். கார் ஜன்னலோடு சேர்ந்து நடந்தார்.

“அம்மா, நீங்க ஓட்டுறது என் காரு.”

“தெரியுமே. ஆணியில மாட்டி, காகிதம் வேற ஒட்டியிருந்தீங்களே.”

“சாப்பிடத்தானே போகச் சொன்னேன்? ஊர்வலத்துக்கா போகச் சொன்னேன்?”

“அத அந்தம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க.”

டெல்மர் திரும்பி இர்மாவைப் பார்த்தார். “வேணாம். நீங்களே ஓட்டுங்க. எந்த விமானத்துல வந்தீங்க?”

“நீலக் கோடு போட்ட செஸ்னா. வெளியதான் கட்டிப் போட்டிருக்கேன்.”

சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தாள். பேருந்து ஓட்டுகிறவள் நொடிக்கொரு தரம் பின்கண்ணாடி பார்ப்பாள். அது கண்ணுக்குப் பழகிய வேலை. கண்ணாடியில் சோள அழகியின் கிரீடத்துக்கு மேலே, மேற்கே, ஒரு மேகம் சுவர் மாதிரி எழுந்து நின்றது. அதன் அடிவயிறு பச்சை.

“டெல்மர், பின்னால பாருங்க.”

பார்த்தவர் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. லோரீன் கைபேசியை எடுத்தாள். வடக்கே போன மழை ஊர்ப்பக்கம் திரும்பிவிட்டிருந்தது.

“ஆலங்கட்டி. மிஞ்சிப் போனா இருபத்தஞ்சு நிமிஷம்,” என்றார் டெல்மர்.

லோரீன் முதலில் நினைத்தது விமானத்தைத்தான். மெல்லிய அலுமினியத் தகடு. நெல்லிக்காய் அளவு கட்டி விழுந்தாலே போதும். அடுத்த நொடி கண்ணாடியில் ட்ரம்பெட் ஊதும் பிள்ளைகளும் நாற்காலியில் குல்லாய் போட்ட கிழவர்களும் தெரிந்தார்கள். தன்மேலேயே வெட்கமாக இருந்தது.

“உங்க கொட்டகை எவ்வளவு பெருசு?”

“இந்த ஊரே அடங்கும்.”

“இந்தத் தெரு அங்கதானே போகுது?”

“கடைசி வீட்டத் தாண்டினா அரை மைல்தான்.”

டெல்மர் ஓடிப்போய் இர்மாவைக் கூட்டிவந்தார். வரும்போதே தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள். “முடியாது. முப்பது வருஷத்துல ஒரு தடவகூட ஊர்வலம் பாதில நின்னதில்ல.”

“நிக்க வேணாங்க,” என்றாள் லோரீன். “கொஞ்சம் நீளமாப் போகட்டும். அவ்வளவுதான்.”

இர்மா வானத்தைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். “சரி. ஆனா வரிச கலையக் கூடாது.”

காரில் பழைய ஒலிபெருக்கி இன்னும் உயிரோடு இருந்தது. லோரீன் அதை வாயருகே பிடித்து, இருபத்தேழு வருஷக் குரலை எடுத்தாள்.

“எல்லாரும் கவனிங்க! ஆலங்கட்டி வருது. எல்லாரும் விமானக் கொட்டகைக்குப் போறோம். நாற்காலிய மடக்குங்க. வயசானவங்க டிராக்டர் வண்டில ஏறிக்குங்க. தள்ளக் கூடாது, ஓடக் கூடாது. ஏய், சிவப்புச் சட்ட! லாமா வாலப் புடிச்சு இழுக்கிறத நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்!”

தெரு முழுக்க எழுந்து நின்றது. பிறகு ஊர் மொத்தமும் நாற்காலியை மடக்கியது. சிவப்புச் சட்டைக்கு நாற்பது வயதிருக்கும். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நல்ல பிள்ளையாக நடந்தார்.

ஊர்வலம் அப்படியே நீண்டு, கடைசி வீட்டைத் தாண்டி, சோளக்காட்டுக்கு நடுவே போனது. பேண்டுக்காரர்கள் வாசிப்பை நிறுத்தவில்லை. தாளம் மட்டும் போகப்போக வேகமாயிற்று. கொட்டகை வாசலில் முதல் சொட்டுகள் விழுந்தன. டெல்மர் வயலுக்கு மருந்து தெளிக்கும் தன்னுடைய மஞ்சள் விமானத்தை ஓரம் தள்ளி இடம் பண்ணினார். லோரீன் செஸ்னாவிடம் ஓடிப்போய் முடிச்சுகளை அவிழ்த்தாள். திரும்பினால் பேண்டிலிருந்து பத்துப் பேர் வந்து நின்றார்கள்.

“எங்க புடிக்கணும்?” என்றாள் பெரிய குழல் ஊதும் பெண்.

“இறக்கையத் தாங்குற கம்பிய மட்டும்! வால்ல யாரும் கை வைக்காதீங்க!”

அவளுடைய விமானம் அவ்வளவு மரியாதையோடு எங்கேயும் போனதில்லை. அது உள்ளே வந்து, டெல்மர் கதவை இழுத்து மூடிய கையோடு வானம் உடைந்தது. தகரக் கூரைமேல் லாரி லாரியாகச் சரளை கொட்டுவது போல ஒரு சத்தம். யார் பேசுவதும் யாருக்கும் கேட்கவில்லை. வாய் அசைவதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். லாமா மட்டும் எதையும் சட்டை செய்யாமல் செஸ்னாவின் சக்கரத்தை மோந்து பார்த்தது. பேண்டு தலைவர் கையைத் தூக்க, ட்ரம் முழங்க, கூரைச் சத்தத்தோடு போட்டி போட்டு வாசித்தார்கள். கூரைதான் ஜெயித்தது.

சத்தம் தணிந்தபோது தேவாலயத்துப் பெண்கள் விருந்துக்குச் சமைத்துக் கையோடு தூக்கி வந்த பாத்திரங்களைத் திறந்தார்கள். பன்றிக்கறி வைத்த பன், இனிப்பு போட்டு வேகவைத்த பீன்ஸ், ருபார்ப் தண்டு வைத்துச் சுட்ட புளிப்புப் பலகாரம். லோரீன் இறக்கைக்கடியில் நின்றபடியே இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

இர்மா வந்தாள். “நிஜமாவே நீ ஷெரிஃப் ஆபீஸ் இல்லையா?”

“ஸ்கூல் பஸ் ஓட்டுறேன்.”

“அதான பாத்தேன்! அந்தக் குரல் போலீசுக்கு எங்க வரும்?” என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“சாவிய இப்படி ஆணில விட்டுர்றீங்களே, காரு போயிராதா?” என்று லோரீன் டெல்மரைக் கேட்டாள்.

“எறங்குற ஆளுக்கு என்னம்மா வேணும்? அவசரத்துக்கு ஒரு கதவு, பசிக்கு ஒரு வண்டி. அதுக்குமேல ஆளு நல்லவரா கெட்டவரான்னு நான் என்னத்தப் பாக்க? இருபது வருஷத்துல ஒரே ஒருத்தர்தான் காரத் திருப்பிக் கொண்டுவரல.”

“அப்புறம்?”

“நெல்லியக் கட்டிக்கிட்டு இங்கயே இருந்துட்டாரு. அதோ, பிள்ளைங்களோட சேந்து டிரம் அடிக்கிறாரே.”

அரை மணியில் வெயில் வந்தது. ஊருக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கள் பெரிய தெருவெங்கும் கிளையும் இலையுமாகக் கிடக்கிறது என்றார்கள். ஜன்னல் இரண்டு உடைந்திருந்தது, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இர்மா விசிலை வாயில் வைத்தாள். மீதி ஊர்வலம் ஓடுதளத்தில் நடக்கும் என்றாள். டெல்மர் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, இறங்க வருகிற விமானங்களை எச்சரிக்க ரேடியோவில் யாராவது உட்கார்ந்தால் சரி என்றார். பத்து பேர் செஸ்னாவை மறுபடி வெளியே தள்ள, லோரீன் உள்ளே ஏறி உட்கார்ந்தாள்.

“ஆல்டர் ஃபோர்க் பக்கம் வர்ற எல்லாருக்கும் ஒரு தகவல். ஓடுதளத்துல ஊர்வலம் போகுது. ஒரு பேண்டு, மூணு டிராக்டர், ஒரு லாமா.”

ரேடியோ கரகரத்தது. பிறகு ஒரு ஆண் குரல், “லாமாவா?”

“லாமாதான். தொப்பி போட்டிருக்கு.”

“எந்தப் பக்கம் போகுது?”

“மேற்க. பக்கத்துல வந்துட்டீங்களா?”

“அஞ்சு மைல்ல இருக்கேன். பரவாயில்ல, லாமா போகட்டும். நான் சுத்திக்கிட்டு இருக்கேன்.”

சிவப்பு விமானம் ஒன்று கிழக்கிலிருந்து வந்து, ஓடுதளத்துக்கு ஒதுங்கி, உயரத்தில் வட்டம் போட்டது. ஊர்வலத்துக்கு நேராக வந்தபோது இறக்கைகளை இடமும் வலமுமாக ஆட்டியது. ஜனங்கள் குல்லாயைக் கழற்றி வீசினார்கள்.

“இர்மா! விமானம் வேறயா? சொல்லவே இல்லையே!” என்று கூட்டத்தில் ஒருத்தர் கத்தினார்.

“எல்லாத்தையும் சொல்லிக்கிட்டா இருப்பாங்க?” என்றாள் இர்மா, அட்டையில் எதையோ குறித்தபடி.

அந்த விமானி இறங்கியதும் அவர் கையில் தட்டைத் திணித்தார்கள். பாவம், அவர் பெட்ரோல் போடத்தான் வந்தாராம்.

ஐந்து மணிக்கு லோரீன் ஆர்டித்துக்குப் போன் போட்டு, வந்து சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள். விமானத்தைச் சுற்றி இரண்டு முறை நடந்து ஒவ்வொரு தகடாகத் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. மேற்கே வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. ஓடுதளத்தின் கோடிக்கு உருட்டிக்கொண்டு போய்த் திருப்பினாள்.

இரு பக்கமும் புல்லில் மடக்கு நாற்காலி போட்டு ஊரே உட்கார்ந்திருந்தது. இத்தனை பேர் பார்க்க அவள் எதையுமே செய்ததில்லை. பேருந்தில்கூட எல்லாரும் முதுகுக்குப் பின்னால்தான் இருப்பார்கள். இயந்திரத்தை முழுவேகத்துக்குத் தள்ளினாள். கையாட்டும் ஜனங்களும் பளபளக்கும் குழல்களும் மஞ்சள் விமானமும் ஓடி மறைந்தன. சக்கரம் தரையை விட்டதே தெரியவில்லை. மேலேறி, ஈரத்தில் மின்னும் சோளக்காடுகள் கீழே விரிந்தபோது, அவள் உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியவில்லை. நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை. ரேடியோப் பொத்தான் கட்டைவிரலுக்கடியில் அழுந்தியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. சுற்று வட்டாரத்தில் பறந்த அத்தனை பேர் காதிலும் ஒரு பெண்ணின் சிரிப்பு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டேயிருந்தது.