குளிர் அறையில் பாதி விளைச்சல்

அவனை எல்லாரும் 'அவசரம்' என்றுதான் கூப்பிடுவார்கள். பேருந்து நிற்கும் முன்பே இறங்குகிற ஆள். கொதிக்கிற தேநீரை நின்றபடியே குடித்து நாக்கைச் சுட்டுக்கொள்கிற ஆள். அவனுக்கும் தக்காளிக்கும் நல்ல பொருத்தம். பழுத்துவிட்டால் அதுவும் காத்திருக்காது.

ஏக்கருக்கும் குறைவான நிலம். விடியலில் பறித்து, வெயில் ஏறுவதற்குள் சந்தையில் இறக்கிவிடுவான். மண்டிக்காரர் பெட்டிக்குள் கைவிட்டு நாலு பழத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொல்வார். பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொண்டுபோகலாம்தான். ஆனால் மதியத்துக்குள் அடிப்பெட்டி கசிய ஆரம்பித்துவிடும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அதனால் பேரம் நீண்டதே இல்லை. காசு குறைவுதான். ஆனாலும் விற்ற கையோடு மனசும் காலியாகிவிடும். வீட்டுக்கு வந்து படுத்தால் உடனே தூக்கம் வரும்.

அந்தத் தூக்கத்தைத்தான் குளிர் அறை கெடுத்தது.

சந்தைக்குப் பின்னால் விவசாயிகள் சங்கம் கட்டிய அறை அது. கூரை முழுக்க சூரிய மின்தகடுகள். பெட்டிக்கு இவ்வளவு என்று நாள் வாடகை. நிறம் மாறத் தொடங்கும் செங்காயாகப் பறித்து வைத்தால் வாரக்கணக்கில் வாடாது என்றார்கள். பொறுப்பாளர் முன்பு ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக இருந்தவர். 'ஐஸ் அண்ணன்' என்று பெயர் விழுந்துவிட்டது.

வரத்து பெருகி விலை தரை தட்டிய வாரத்தில் மனைவி சொன்னாள்: "பாதியை உள்ள வைப்போங்க. பாதியை மட்டும் வித்துட்டு வாங்க."

"வெச்சா மட்டும் விலை ஏறிடுமா?"

"ஏறலைன்னா அப்பவும் இதே விலைக்கு விக்கலாம். இதுக்குக் கீழ போறதுக்கு இன்னும் என்ன இருக்கு?"

பதினாறு பெட்டி உள்ளே போனது. அன்றிலிருந்து அவன் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. களை எடுத்துக்கொண்டிருப்பான், திடீரென்று மின்சாரம் போயிருக்குமோ என்று தோன்றும். மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சைக்கிளை மிதிப்பான். கதவைத் திறந்து, மேல் பெட்டியில் ஒரு பழத்தை அமுக்கிப் பார்த்தால்தான் மூச்சு வரும்.

"தம்பி, இப்படித் திறந்து திறந்து மூடினா உள்ள வேர்த்துப்போகும். அழுகாததையும் நீயே அழுக வெச்சிடுவ போலிருக்கு" என்று ஐஸ் அண்ணன் அலுத்துக்கொண்டார்.

"இல்லண்ணே, சும்மா ஒரு பார்வை."

"காலையிலயும் அதைத்தான் சொன்ன."

சில நாளில் விலை ஏறியது, ஏறிக்கொண்டே போனது. விற்றுவிடலாமா என்று அவன் கேட்கும்போதெல்லாம் மனைவி ஒரே பதிலைச் சொன்னாள்: "இருங்க, ஒருத்தரைப் பாக்க வேண்டியிருக்கு. முடிஞ்சா சொல்றேன்." யாரை என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாள்.

பிறகு ஒரு காலையில் விலை கொஞ்சம் இறங்கியது. அவன் நேராக மண்டிக்கு ஓடினான். மண்டிக்காரர் அவனைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டார். இத்தனை வருடத்தில் அவர் அவனை உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"நாளைக்கு வெளியூர்ச் சரக்கு வண்டி வண்டியா இறங்குதாம். உன் பதினாறையும் எங்கிட்டத் தள்ளு. இன்னிக்கு விலையே போட்டுத் தர்றேன்."

"மொத்தமுமா?"

"மொத்தமும். விடியக்காலை வண்டி அனுப்புறேன்."

அவன் தலையாட்டிவிட்டான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் தோளிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

வீட்டில் மனைவி வெளியே போய்வந்த புடவையைக்கூட மாற்றாமல் வாசலிலேயே நின்றிருந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"ஆலை கேன்டீன்ல பேசி முடிச்சிட்டேங்க. ஒருநாள் விட்டு ஒருநாள் எட்டுப் பெட்டி. பருவம் முடியிற வரைக்கும் ஒரே விலை. இன்னிக்குச் சந்தை விலையைவிடக் கம்மிதான், ஆனா போன வாரம் வித்தோமே, அதைவிட எவ்வளவோ மேல. நம்ம செடி காய்க்கிற நாள்ல இல்ல, அவங்களுக்கு வேணுங்கிற நாள்ல தரணும். குளிர் அறை இருக்குன்னுதான் துணிஞ்சு ஒத்துக்கிட்டேன். நாளைக்கே முதல் நடை."

அவன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தான். பிறகு சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது.

அவள் கத்தவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னிக்கு ஒரு பொழுது பொறுத்திருக்கக் கூடாதா?"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா அந்தக் கேன்டீன் சமையல்காரரு வீட்டு வாசல்ல போய் நின்னிருப்பீங்க. அவரு பயந்து ஓடியிருப்பாரு."

அது உண்மைதான் என்பதால் அவனுக்கு இன்னும் கோபம் வந்தது. கோபத்தோடே மண்டிக்குத் திரும்பி, எட்டுப் பெட்டியையாவது விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்டான். மண்டிக்காரர் அவனை ஏசவில்லை. "உன் வார்த்தையை நம்பி நானும் ஒருத்தருக்கு வார்த்தை குடுத்துட்டேனேப்பா" என்றார். அவன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

செடியில் அடுத்த பறிப்புக்கு இன்னும் நாள் இருந்தது. வேறு வழியில்லாமல் இருவரும் பக்கத்து வயல் அக்காவிடம் போனார்கள். அவளுடைய பெட்டிகளும் அறையில் இருந்தன. "தர்றேன். ஆனா சந்தை விலைக்குத்தான்" என்றாள் அக்கா. "எனக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல?"

மறுநாள் மண்டிக்காரர் கொடுத்ததில் பாதி அப்படியே அக்கா கைக்குப் போனது. அந்த எட்டுப் பெட்டியை வாங்கியதைவிடக் குறைந்த விலைக்குக் கேன்டீனில் இறக்கினார்கள். எடைபோடும் நேரம் முழுக்க அவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. மனைவி மட்டும் சமையல்காரரிடம் சிரித்துப் பேசி, அடுத்த நடைக்கு எந்த வாசலில் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

மண்டிக்காரர் சொன்ன வெளியூர்ச் சரக்கு அன்று வரவில்லை. அடுத்த வாரம்தான் வந்தது. அதைக் கண்டு பயந்து, அறையில் வைத்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வெளியே எடுத்தார்கள். விலை மறுபடி தரை தட்டியது. அக்கா தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். கேன்டீன் விலை மட்டும் அசையவில்லை. பருவம் முடிந்தபோது, அறை வாடகையும் முதல் நாள் நஷ்டமும் போக, முந்தைய வருடத்தைவிடக் கூடுதலாகவே கையில் நின்றது. கிணற்று மோட்டாரை மாற்றினார்கள். மனைவி தனக்கென்று முதல்முறையாகக் கொஞ்சம் எடுத்து வைத்தாள்.

ஆனால் கடைசி நடையில் சமையல்காரர் ஒன்று சொன்னார். "உங்களைவிடக் கம்மியா தர்றேன்னு ஒருத்தங்க வந்து கேட்டாங்க. நீங்க நாள் தவறாம வர்றீங்க, அதனால அடுத்த பருவத்துக்கும் இப்போதைக்கு நீங்களே போடுங்க."

"யாருங்க அது?" என்று அவன் கேட்டான்.

"அது எதுக்கு உங்களுக்கு?"

வெளியே வந்ததும் அவன் சைக்கிளில் ஏறவில்லை, தள்ளிக்கொண்டே நடந்தான். "இப்போதைக்குன்னு சொன்னாரே, கவனிச்சியா?"

"கவனிச்சேன்" என்றாள் மனைவி.

"அக்காவா இருக்குமோ?"

"இருந்தா என்ன? அவங்களும் விக்கத்தானே வேணும்."

"அப்ப நாம என்ன பண்றது?"

அவள் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். வெயிலில் சாலை பிரியும் இடம் வரை நடந்தார்கள். பிறகு அவள் நின்று, "ஆஸ்பத்திரிக் கேன்டீன் எத்தனை மணிக்கு மூடுவாங்க?" என்று கேட்டாள். அவன் சைக்கிளை ஏற்கெனவே அந்தப் பக்கம் திருப்பியிருந்தான்.