இரண்டு வீட்டுக்கு ஒரு புகைபோக்கி

அம்பிகாவின் இட்லிக் கடைக்கும் லீலாவதியின் அடுப்படிக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். ஜெயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் ரோட்டில் கொஞ்ச தூரம் போனால் ஒட்டிக்கொண்டு நிற்கும் அந்த இரண்டு ஓட்டு வீடுகளும் தெரியும். அதற்கும் முன்னால் அவற்றின் புகை தெரியும். அம்பிகா விடியலில் இட்லிக்கு அடுப்பு மூட்டினால் லீலாவதி இருமுவாள். லீலாவதி கல்யாண வீட்டு முறுக்குக்கு எண்ணெய்ச் சட்டியை ஏற்றினால் அம்பிகா கண்ணைக் கசக்குவாள். இருவரும் எரிப்பது முந்திரி விறகு. எந்தப் புகை யாருடையது என்று பிரித்துச் சொல்ல முடியாததால் சண்டை ஒன்றும் பெரிதாக வளர்ந்ததில்லை.

லீலாவதியின் மகள் சக்தி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள் என்றானதும்தான் கவலை பிடித்தது. அம்பிகாவின் புருஷன் பூவரசன் கொத்தனார். லீலாவதி அவனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, புள்ளத்தாச்சிப் பொண்ணு இந்தப் பொகையில எப்புடிப்பா இருப்பா? ஏதாச்சும் பண்ணு."

பூவரசன் சுவரைத் தட்டிப் பார்த்தான். "கவலப்படாதீங்கக்கா. நடுச் செவத்துலயே ஒரு சிம்னி ஏத்திடறேன். அந்தப் பக்கம் ஒங்க அடுப்பு, இந்தப் பக்கம் எங்க அடுப்பு. ரெண்டு பொகையும் ஒரே வழியா மேல போயிரும்."

சொன்னபடியே ஏற்றினான். அத்தோடு விடாமல், ரோட்டைப் பார்த்த பக்கத்தில் சிமெண்டிலேயே ஒரு மயிலும் செய்து ஒட்டினான். முதல் நாள் இரண்டு அடுப்பையும் சேர்த்தே பற்றவைத்தார்கள். அம்பிகா மாவுக் கரண்டியோடு தெருவுக்கு ஓடி அண்ணாந்து பார்த்தாள்.

"போவுதுக்கா! மேல போவுது!"

உள்ளே திரும்பி வந்தவளுக்குத் தன் அடுப்படியையே அடையாளம் தெரியவில்லை. ஓட்டுக்குக் கீழே சட்டத்தில் ஒரு பல்லி சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷம் இது எப்படி மூச்சுவிட்டது என்று நினைத்து, தனியாக நின்றே சிரித்தாள்.

சக்தி வந்தாள். அம்பிகாவைச் சித்தி சித்தி என்று சுற்றி வந்தாள். புகையில்லாத அடுப்படி அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. கீரை ஆய்வதும் போனில் புருஷனோடு பேசுவதும் அங்கேயே உட்கார்ந்துதான்.

ஐப்பசி மழை பிடித்தது. முறுக்கு ஆர்டர் இல்லாததால் லீலாவதியின் அடுப்பு சும்மா கிடந்தது. அம்பிகா காலை வியாபாரத்தை முடித்து, மிச்சக் கங்கின் மேல் வெந்நீர்ப் பானையை ஏற்றிவிட்டு வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து சத்தம் வந்தது.

"அம்பிகா! ஓடியா புள்ள! சக்திக்கு என்னமோ ஆயிப்போச்சு!"

சக்தி அடுப்படிச் சுவரில் சாய்ந்து கிடந்தாள். "தல சுத்துது சித்தி, தலைய வலிக்குது" என்று குழறினாள். மழைச்சாரலுக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். உள்ளே பொட்டுப் புகை இல்லை. இரண்டு பேரும் அவளைத் தாங்கிப் பிடித்து வெளிக் காற்றுக்குக் கொண்டு வந்து, ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அங்கே ஆக்சிஜன் வைத்தார்கள். சக்தியின் முகம் தெளிந்தது. நர்ஸம்மா வயிற்றில் கருவியை வைத்ததும் குதிரை ஓடுவது போலக் குழந்தையின் துடிப்பு கேட்டது. லீலாவதி அங்கேயே கும்பிட்டு அழுதாள்.

"ஒண்ணும் பயமில்லம்மா. வூட்டுல வெறகடுப்பா? அடச்ச எடத்துல கங்குக் காத்து நெறஞ்சா, பொகையே தெரியாம ஆளக் கவுத்துடும்" என்றாள் நர்ஸம்மா.

"எங்க அடுப்பு பத்தவே இல்லீங்களே" என்றாள் லீலாவதி.

அம்பிகாவுக்குச் சுரீரென்றது. பற்றியிருந்தது தன் அடுப்பு.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஈரத் தேங்காய் மட்டையைத் தன் அடுப்பில் வைத்துக் கொளுத்தினாள். பூவரசன் கையைப் பிடித்து லீலாவதியின் அடுப்படிக்கு இழுத்துப் போனாள். பற்றாத அந்த அடுப்பின் வாயிலிருந்து வெள்ளைப் புகை மெல்ல ஊர்ந்து வந்தது.

"இந்தாங்க, பாத்துக்குங்க. எம் பொகை இங்க வருது."

"நான் கட்டுன சிம்னியா? இருக்காதுடி" என்று குனிந்தவன் ஒரு இழுப்பு இழுத்து, கண்ணில் தண்ணீர் வர இருமினான். நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது. "ரெண்டும் எரிஞ்சா ரெண்டு சூடும் சேந்து மேல தள்ளுது. ஒண்ணு சும்மா கெடந்தா, அதோட வாய் தொறந்த வழியாப் போயிடுது. மொகட்டுக்குக் கீழயே வேற நிறுத்திட்டேன். மழக்காத்து மேலேருந்து அமுக்குது. தப்புப் பண்ணிட்டேன்டி."

அம்பிகா லீலாவதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, இது சரியாவுற வரைக்கும் நான் அடுப்பு மூட்ட மாட்டேன்."

"ஒம்மேல எனக்கென்னடி கோவம்? நீ பாக்கலன்னா நான் மறுபடியும் எம் பொண்ண அங்கதானே ஒக்கார வச்சிருப்பேன்."

கடை அடைத்துக் கிடந்தது. பஸ் டிரைவர்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, இட்லி எங்கே என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பூவரசன் மழை விட்டதும் சிம்னியின் ஒரு பக்கத்தை இடித்தான். மயிலை உளியால் பெயர்த்தபோது மட்டும் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். பிறகு அடியிலிருந்து உச்சி வரை நடுவில் தடுப்புச் சுவர் வைத்து, இடுக்கு இல்லாமல் பூசினான். வெளியே பார்த்தால் ஒரே சிம்னி, உள்ளே இரண்டு அடுப்புக்கும் தனித்தனி வழி. ஓட்டு முகட்டுக்கு மேலே நன்றாக உயர்த்தி, மழை இறங்காமல் தொப்பியும் போட்டான். இரண்டு அடுப்படியிலும் காற்று வர, சாத்த முடியாத ஜன்னல் ஒவ்வொன்று வைத்தான்.

பூச்சுக் காய்ந்த பிறகு சோதனை. சக்தி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். அம்பிகா தன் அடுப்பில் மட்டும் மட்டையைக் கொளுத்தினாள். லீலாவதி அந்தப் பக்கம் தன் அடுப்பு வாயில் ஊதுபத்தியைப் பிடித்தாள்.

"இழுக்குது புள்ள! ஊதுபத்திப் பொகை உள்ளதான் போவுது!"

அடுத்து லீலாவதி மூட்டினாள், அம்பிகா ஊதுபத்தி பிடித்தாள். அங்கேயும் உள்ளே இழுத்தது. கூரைமேல் நின்ற பூவரசன், "ரெண்டு ஓட்டையிலயும் தனித்தனியா வருது!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினான். சக்தி கைதட்டினாள். அம்பிகா லீலாவதியைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாள். இரண்டு பேர் முகத்திலும் கரி.

தை பிறந்து, பொங்கல் கரும்பு தின்று முடிப்பதற்குள் சக்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. பேர் வைக்கும் நாளில் இரண்டு அடுப்பும் விடியலிலிருந்து எரிந்தன. இந்தப் பக்கம் இட்லியும் சாம்பாரும், அந்தப் பக்கம் வடையும் பாயசமும். எறையூரிலிருந்து வந்த சம்பந்தியம்மா சாந்தா அடுப்படிக்குள் நுழைந்து மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள்.

"வெறகாவா எரிக்கிறீங்க? தம்பி, எங்க வூட்டுக்கும் கொழுந்தன் வூட்டுக்கும் சேத்து ஒண்ணு கட்டித் தர்றீங்களா?"

"கட்டிடலாங்கம்மா. ஆனா ரெண்டு அடுப்புன்னா உள்ள ரெண்டு வழிதான். அதுல மட்டும் நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்" என்றான் பூவரசன், வாய் நிறைய வடையோடு.

லீலாவதி வந்து அம்பிகாவின் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினாள். "போதும் விடு. நீதான் அவ காதுல பேரச் சொல்லணுமாம், சக்தி கேக்குறா."

அம்பிகா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். குழந்தையை மடியில் வாங்கி, சின்னக் காதோடு வாயை வைத்து, "அமுதினி" என்றாள். குழந்தை கண்ணைத் திறக்காமலே பெரிதாக ஒரு கொட்டாவி விட்டது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அம்பிகா மறுபடியும், இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னாள்.