முளைக்காத கல்வாழை

"தண்ணியை ஊத்தி ஊத்தியே அழுக வெச்சுட்ட. கல்வாழை என்ன தாமரையா..."

"ஊத்தலைன்னா காய வெச்சுட்டேன்னு சொல்லியிருப்பீங்க..."

"குப்பைமேட்டுல தூக்கிப் போட்டாலும் முளைக்கிற கிழங்குடி அது. உன் கை பட்டா பிளாஸ்டிக் பூவே வாடிடும்."

தம்பியும் தம்பி பெண்டாட்டியும் தொட்டிக்கு இரண்டு பக்கமும் நின்று மல்லுக்கட்ட, டீ குடித்துக்கொண்டிருந்த அக்கா டம்ளரைக் கீழே வைத்தாள்.

கிழங்கு அவள் கொடுத்ததுதான். அவள் தையல்காரி. அவள் வாசலில் மஞ்சளில் சிவப்புப் புள்ளி தெளித்த கல்வாழை புதராக நிற்கிறது. துணி தைக்க வருகிறவர்கள் 'புள்ளிப்பூ வீடு' என்றுதான் வழி விசாரிப்பார்கள். தெருவில் வேறு யாரிடமும் அந்தப் பூ கிடையாது.

ஐந்து வாரத்துக்கு முன் தம்பி பெண்டாட்டி ஒரு துண்டு கேட்டாள். அக்காவுக்கு இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை, கொடுக்கவும் மனசு வரவில்லை. புதரின் ஓரத்தைத் தோண்டி, ஒரு துண்டு கிழங்கை நறுக்கி, அதிலிருந்த மூன்று முளைக்கண்களையும் கத்தரிக்கோல் நுனியால் நோண்டி எடுத்துவிட்டாள். கண் போன கிழங்கு மண்ணுக்குள் கிடக்குமே தவிர, தலைகாட்டாது. வெட்டுவாய் அழுகாமலிருக்கச் சாம்பல் தடவுவது வழக்கம். அன்றைக்குக் குழி தெரியாமலிருக்கத் தாராளமாகவே அப்பினாள். போதாததற்கு, நன்றாகத் தழைக்கட்டும் என்று வாழ்த்து வேறு.

மண் சரியில்லையோ என்னமோ, விடுடா என்று இப்போது சமாதானம் சொன்னாள். சொல்லும்போதே நாக்கு கசந்தது.

இவளுக்கு நீ பரிந்துகொண்டு வராதே அக்கா, உன் கைக்கு எப்படிப் பூத்துக் குலுங்குகிறது, ராசியென்றால் அது ராசி என்று சொல்லிவிட்டுத் தம்பி கடைக்குக் கிளம்பினான். அந்தப் புகழ்ச்சி செருப்படியாக விழுந்தது. தம்பி பெண்டாட்டி கரண்டியை எடுத்துத் தொட்டி மண்ணைக் கிளற உட்கார்ந்தாள்.

இத்தனை நாள் ஈரத்தில் சாம்பல் எங்கே நிற்கும்? அக்கா பாய்ந்து கரண்டியைப் பிடித்துக்கொண்டாள்.

"அதைத் தோண்டாதம்மா. அது... அது சரியில்லாத துண்டு. நாளைக்கே வேற நல்லதா தர்றேன்."

கரண்டியைப் பிடுங்கிக்கொள்ள தம்பி பெண்டாட்டி முயலவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நட்ட அன்னைக்கே கழுவிப் பார்த்துட்டேன் அண்ணி. நீங்களா ஒரு வார்த்தை சொல்வீங்கன்னுதான் அவர்கிட்ட இன்னும் வாயைத் திறக்கலை."