கோட்டின் மேல் விழுந்த பந்து

கண்ணை மூடினால் அந்தப் பந்து வானத்திலேயே நின்றது. இறங்கவே மாட்டேன் என்றது.

ஆம்பூர்ப் பள்ளியொன்றின் வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கலவை ஊர் சாஃப்ட்பால் அணிப் பெண்கள் படுத்திருந்தார்கள். காலையில் இறுதிப்போட்டி. தமிழினி மட்டும் எழுந்து, பையிலிருந்த பந்தை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு வந்தாள்.

அவள் அணியில் சேர்ந்தே இரண்டு மாதம்தான். ஓடத் தெரியும், சட்டம் தெரியாது. கணுக்கால் சுளுக்கி உட்கார்ந்திருந்தவளை, நடுவர் ஒருவர் வராததால், "சும்மாதானே உக்காந்திருக்க? மூணாவது பேஸ்ல நில்லும்மா" என்று அரையிறுதிக்கு நிறுத்திவிட்டார் தலைமை நடுவர் வாஹித் பாஷா. எதிரணியான குடியாத்தத்தின் டீச்சரும், "நல்ல பொண்ணாதான் தெரியுது, நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டார்.

பாஷா சொல்லிக்கொடுத்தார்: "கோட்டுக்கு வெளிய விழுந்தா ஃபவுல். ரெண்டு கையும் தூக்கிக் கத்து. உள்ள விழுந்தா ஃபேர். வாயத் தொறக்காத, உள்பக்கமா கை காட்டு, போதும்."

கோட்டின் மேலேயே விழுந்தால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

கடைசி இன்னிங்ஸ். குடியாத்தத்துக்கு இரண்டு ரன் வேண்டும், ஓடி வந்து ரன் எடுக்க இரண்டு பேர் பேஸில் தயார். ஆஃப்ரீன் என்கிற பெண் அடித்தாள். பந்து மூன்றாவது பேஸைத் தாண்டி மெதுவாக, இறகு இறங்குவதுபோல இறங்கி, சரியாகக் கோட்டில் விழுந்தது. சுண்ணாம்பு புகைபோல எழுந்தது. தமிழினியின் இரண்டு கைகளும் தானாக மேலே போயின. "ஃபவுல்!"

பந்து முள்வேலிக்குள் போய்விட்டது. வேறு பந்து வந்தது. அதில் ஆஃப்ரீன் அவுட். கலவை ஜெயித்தது.

சாயங்காலம் டீ குடிக்கும்போதுதான் பாஷாவிடம் கேட்டாள். "சார், கோட்டு மேலயே விழுந்தா?"

"கோடும் உள்ளதான் சேத்தி. ஏம்மா?"

"சும்மா சார்."

இப்போது நிலா வெளிச்சத்தில் அந்தக் கோடு தரையைத் தொடாமல் மிதப்பதுபோல இருந்தது. தோல் பதனிடும் டேனரிப் பக்கமிருந்து காற்று வாடையோடு வந்தது. கோட்டின் மேல் யாரோ செருப்பில்லாமல் நடந்து வந்தார்கள். கனவோ என்று நின்றாள்.

"யாரு? அட, அம்பயர் மேடமா! உனக்கும் தூக்கம் வர்லயா?"

ஆஃப்ரீன். குடியாத்தம் அணியும் அதே பள்ளியில்தான் தங்கியிருந்தது. தமிழினி கையிலிருந்த பந்தை நீட்டினாள்.

"இன்னா இது?"

"நீ அடிச்ச பந்து. முள்ளுல தேடி எடுத்தேன். பாரு, சுண்ணாம்பு."

ஆஃப்ரீன் அந்த வெள்ளைத் தழும்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"கோட்டு மேலதான் விழுந்துச்சு. நான் பாத்தேன். பாண்டி ஆடுறப்போ கோட்ட மிதிச்சா அவுட்டு இல்ல? அந்த நெனப்புல கையத் தூக்கிட்டேன். சத்தியமா தெரியாதுப்பா."

"பாண்டியா!" ஆஃப்ரீனுக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் அழுகையாக மாறியது. "அடிப்பாவி, ஒழுங்கா அடிக்கலன்னு எங்க டீச்சர் ஒரு மணி நேரம் திட்டுனாங்கடீ. செம பேஜாராப் போச்சு."

"காலைல ஃபைனலுக்கு விசில் அடிக்கறதுக்குள்ள சொன்னா, அந்த இன்னிங்ஸ திரும்ப ஆட வெப்பாங்களாம். ஆனா எங்க டீம் பொண்ணுங்க என்னக் கொன்னுடுவாங்க. பயமா இருக்கு."

"சொல்லாம இருந்தா?"

ஆஃப்ரீன் பந்தைத் தமிழினியின் கையிலேயே திரும்ப வைத்தாள். "கையத் தூக்குனது நீதானே. நீயே எடுத்துட்டுப் போ."

வாஹித் பாஷா தங்கியிருந்த அறையில் விளக்கு எரிந்தது. தமிழினி கோட்டின் மேலேயே நடந்தாள். பாதத்தில் சுண்ணாம்பு ஒட்டியது. யாரும் அவுட் சொல்லவில்லை. கோடு முடிந்த இடத்திலிருந்து நொண்டிக்கொண்டே ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

"இன்னாம்மா இந்நேரத்துல? கால் வலிக்குதா?"

பந்தின் வெள்ளைப் பக்கத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். பிறகு, அவர் சொல்லிக்கொடுத்தபடியே, வாயைத் திறக்காமல், நிலா காய்ந்த மைதானத்தின் உள்பக்கமாக மற்றக் கையை நீட்டினாள்.