ஓடில்லாத நத்தைக்கு ஆமைத் தீனி

மீன் காட்சியகத்தில் கடலாமைத் தொட்டியைச் சுற்றி எப்போதும் கூட்டம்தான். ஆமையும் லேசுப்பட்டதல்ல. தீனிக்காரர் கீரைக்கட்டோடு வருவதைக் கண்டால் போதும், துடுப்புக் கால்களை வீசிக்கொண்டு கண்ணாடியருகே வந்துவிடும். பக்கத்துச் சின்னத் தொட்டியில் கட்டைவிரல் நீளத்தில் ஒரு கடல் நத்தை. முதுகில் ஓடு கிடையாது. போன வாரம் வந்ததிலிருந்து ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டு கிடந்தது.

"ஆமையப் பாரு, என்னமா வெளுத்துக் கட்டுது! உனக்கென்ன கேடு?" என்று நத்தையை அதட்டிவிட்டு, அதே கீரையில் ஒரு கிள்ளு உள்ளே போட்டார் தீனிக்காரர்.

அதட்டுவது அவருக்குக் கைவந்த கலை. வீட்டில் மூத்த மகள் நீச்சலில் புலி. கோப்பைகளை வைக்க அலமாரியில் இடமில்லை. அதனால் இளையவளையும் அதே பயிற்சிக்கு இழுத்துப் போயிருந்தார். அவளுக்கோ தண்ணீர் என்றாலே உதறல். விடிந்ததும் அவள் காதில் விழுவது "அக்காவப் பாரு" என்பதுதான். இன்று மாலை அவளுக்கு முதல் போட்டி.

மனைவி போன் செய்தாள். "சின்னவ நேத்திலேர்ந்து சரியாவே சாப்பிடலைங்க. பேசவும் மாட்டேங்கிறா. போட்டியெல்லாம் வேணாமே."

"எல்லாம் நடிப்பு. பெரியவளும்தான் முதல்ல பயந்தா. குதிச்சாளா இல்லையா?" என்று வைத்துவிட்டார்.

தொட்டித் தண்ணீரைச் சோதிக்கும் பெண், நத்தை வந்த மறுநாளே விடுப்பில் போனவள், அன்றுதான் வேலைக்கு வந்திருந்தாள். நத்தையைக் குனிந்து பார்த்தவள் பதறிப்போனாள். "அண்ணே, இது பாதியா இளைச்சுப் போச்சே! என்ன போடுறீங்க?"

"ஆமைக்குப் போடுறதத்தாம்மா. முதல் தரமான கீரை. திமிரு பிடிச்சது, வாயே வைக்க மாட்டேங்குது."

"அய்யோ, இது பாறையில ஒட்டி வளர்ற கடற்பஞ்ச மட்டுந்தாண்ணே தின்னும்! ஆமைத் தீனியப் போட்டுட்டு, பட்டினி கெடக்கிறத திமிருங்கிறீங்களே."

அவள் வேறொரு தொட்டியிலிருந்து கடற்பஞ்சுத் துண்டு ஒன்றை எடுத்துவந்து உள்ளே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து நத்தை அசைந்தது. மெதுவாக ஊர்ந்து போய் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. தீனிக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். கை தானாக போனை எடுத்தது.

"சின்னவகிட்ட குடு... அம்மாடி, இன்னிக்குப் போட்டி வேணாம். நீச்சலே வேணாம்."

"நெஜமாவாப்பா?"

"நெஜமாத்தான்."

அவள் மெல்லக் கேட்டாள்: "அப்போ, அக்காவப் பாருன்னு இனிமே சொல்ல மாட்டீங்களா?"

"மாட்டேம்மா. உனக்கு என்ன பிடிக்கும்னு நான் ஒரு நாளும் கேக்கலியே. ஒரு பிள்ளைய வச்சு இன்னொரு பிள்ளைய அளக்கக் கூடாது. அளந்தா, நல்லா இருக்கிற பிள்ளையும் வாடித்தான் போகும். தப்பு என்னோடதுதான்."

போனை அணைக்காமல் அப்படியே கீழே வைத்துவிட்டு அவள் ஓடுகிற சத்தமும், அடுக்களைப் பக்கமிருந்து அவள் குரலும் கேட்டன.

"அம்மா, பசிக்குது!"