பச்சைப் புடவைக்கு மேல் வேறு முகம்

அம்மாவுக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கூடத்தில் மாட்ட ஒரு குடும்பப் படம் வேண்டும், அதுவும் பழங்காலத்து ஆயில் பெயிண்டிங் மாதிரி வேண்டும் என்றாள். அப்பா இப்போது படுத்த படுக்கை. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றுதான் எங்களிடம் இருந்தது. அதில் அண்ணன் ஒரு பக்கம் நின்றான்; அம்மாவுக்கும் எனக்கும் நடுவில், பச்சைப் புடவையில் அண்ணி நின்றாள். அண்ணன் விவாகரத்து செய்த முதல் அண்ணி.

"அவ மூஞ்சிய எடுத்துட்டு இப்ப வந்திருக்கறவ மூஞ்சிய வச்சிரு. உடம்ப யாரு பாக்கப் போறா?" என்றாள் அம்மா, தலையணை உறையை மாற்றச் சொல்வது போல.

"அது ஒரு மாதிரி இருக்காதாம்மா?"

"என்ன ஒரு மாதிரி? ரெண்டு பேரும் ஒரே உசரந்தான். ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் செஞ்சு குடுக்கற. வீட்டுக்குன்னா மட்டும் உனக்குக் கை வராது."

நான் ஸ்டுடியோவில் படங்களைத் திருத்துகிறவள். வழுக்கைக்கு முடி வைப்பேன், மூடிய கண்ணைத் திறப்பேன். சரி என்றேன்.

அண்ணி வீட்டைவிட்டுப் போன அன்றும் அப்படித்தான். பெட்டியோடு என் அறை வாசலில் நின்று, "அப்பப்ப பேசு, என்ன?" என்றாள். சரி என்றேன். பிறகு பேசவில்லை. அவள்மேல் கோபம் ஒன்றுமில்லை. மரத்துப்போன காலை ஊன்றி நடக்கும்போது வலிக்காது, காலடியில் தரை இருப்பதும் தெரியாது. அன்று முதல் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தேன்.

ஸ்டுடியோவில் படத்தைத் திறந்து, புது அண்ணியின் பாஸ்போர்ட் படத்திலிருந்து முகத்தை வெட்டி, சற்றே சாய்த்து, பச்சைப் புடவைக்கு மேல் பொருத்தினேன். சாதாரணப் படத்தில் கழுத்தில் போட்ட ஒட்டு தெரிந்துவிடும். தூரிகைத் தடங்களை இழுத்து, பழுப்பேறிய வார்னிஷ் நிறத்தைப் பரப்பி, மேலே மெல்லிய வெடிப்புகளைப் போட்டதும் ஒட்டு மறைந்தது. வேலை நன்றாகவே வந்திருந்தது.

படத்தில் என் தோள்மேல் பழைய அண்ணியின் கை அப்படியே இருந்தது. படம் எடுத்த அன்று, "மூஞ்சிய இப்படி வச்சா கேமரா பயந்துக்கும்டி" என்று அண்ணி என் காதில் சொன்னாள். அதற்குத்தான் நான் படத்தில் சிரிக்கிறேன். இப்போது பாஸ்போர்ட் முகம் நேரே பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் நான் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் புது அண்ணி வந்தாள். "அத்தை பாத்துட்டு வரச் சொன்னாங்க."

திரையை அவள் பக்கம் திருப்பினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"முகம் என்னோடதுதான். கை என்னோடது இல்லையே."

"யாருக்கும் தெரியாது அண்ணி. பெயிண்டிங் மாதிரி செஞ்சதுல எல்லாம் ஒண்ணாயிடுச்சு."

"எனக்குத் தெரியுமே! தினமும் அந்தக் கூடத்துலதான உக்காந்து காபி குடிக்கணும்?" நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஏற்கெனவே அவங்க கட்டில், அவங்க அலமாரி. அத்தை அவங்க செருப்பக்கூட எடுத்துக் குடுத்தாங்க, அளவு சேந்தா போட்டுக்கோன்னு. நல்லவேளை, என் கால் பெருசு."

சிரித்தாள். நானும் சிரித்திருக்க வேண்டும்.

"என்னை அதுலேந்து எடுத்துடுங்க."

"அப்படியே விட்டா அவங்கதான் இருப்பாங்க. அம்மா விட மாட்டாங்க."

"படத்துல இருக்கற அவங்கள என்ன செய்றதுன்னு நீங்க பாத்துக்குங்க. அவங்க உடம்புல என்னை ஒட்டாதீங்க, அவ்வளவுதான். நான் இங்கயே உக்காந்திருக்கேன். இப்பவே ஒரு படம் எடுங்க."

அவளை நிற்க வைத்து எடுத்தேன். கைப்பையின் பட்டை அழுந்திய சுருக்கம் தோளில் அப்படியே விழுந்தது. அதைச் சரிசெய்ய வேண்டாம் என்றாள். அவளை அண்ணனுக்கு அந்தப் பக்கம், ஓரத்தில் சேர்த்தேன்.

அவள் போன பிறகு பாஸ்போர்ட் முகத்தை நீக்கினேன். அடியிலிருந்து அண்ணியின் முகம் வந்தது. அது கேமராவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணியும் இருக்கட்டுமா என்று அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்திருக்கலாம். போன் பக்கத்தில்தான் இருந்தது. முதலில் புடவையை அழித்தேன். பிறகு முகம். கை கடைசியாக. அது இருந்த இடத்தில், என் இன்னொரு தோளைப் பிரதி எடுத்து வைத்தேன். எனக்குள் ஏதாவது வருகிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். கண் எரிந்தது. காலையிலிருந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் எரியும்தான்.

சட்டம் போட்டு வந்த படத்தை அண்ணன் மாட்டினான். அம்மா எதிரில் நின்று பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. இவ ஏன் அந்த ஓரத்துல நிக்கிறா?"

"நான்தான் அத்தை கேட்டேன்" என்றாள் புது அண்ணி.

அம்மா இன்னும் கிட்டே போனாள். "உனக்கும் எனக்கும் நடுவுல ஏன்டி இவ்வளவு இருட்டு? ஒரு ஆளே நிக்கலாம் போல."

அண்ணன் ஆணியைப் பார்த்தான்.

"பழைய பெயிண்டிங்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன்.

அம்மா தலையாட்டினாள். படம் கோணலாகத் தொங்குகிறதா என்று தள்ளி நின்று பார்க்கச் சொன்னாள். பார்த்தேன். நேராகத்தான் இருக்கிறது என்றேன்.